பழைய வேனில் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்காவிட்டால் முதலில் பிரேக் பெடலைப் பாருங்கள்

கேள்வி இது: ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கும் மாத்தறைக்கும் ஹயர் ஓடும் பழைய டீசல் வேன். எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கண்ட்ரோல் அதில் உண்டு. மீட்டரில் அதன் விளக்கு எரிகிறது, ஆனால் செட் பொத்தானை அமுக்கினால் அந்த வேகம் நிலைப்பதில்லை. சில நாள் பிடிக்கிறது. இருட்டி லைட் போட்டதும் விட்டுவிடுகிறது. குரூஸை இயக்கும் யூனிட் போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையது ஒன்று பார்த்து வாங்குங்கள் என்று கராஜில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். விளக்கு எரிகிறது என்றால் மெயின் சுவிட்சும் பியூஸும் யூனிட்டுக்குப் போகும் கரண்டும் பெரும்பாலும் சரி. யூனிட் கெட்டுப்போகாமலே வேலை செய்ய மறுக்கும். பிரேக் மிதிபட்டிருக்கிறது என்றோ வேகம் தெரியவில்லை என்றோ அதற்குத் தகவல் போய்க்கொண்டிருக்கும். பழைய வேன்களில் கோளாறு அதிகமாக இருப்பது பிரேக் பெடலின் சுவிட்சில், பின் லைட்டின் எர்த்தில், வேக்யூம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) ஹோஸில். மூன்றும் பிரேக்கோடு சம்பந்தப்பட்டவை. அதிவேகப் பாதைக்கு மட்டும் உதவுகிற வசதிதானே, போனால் போகட்டும் என்று விடாதீர்கள். குரூஸை நிறுத்துகிற அதே கோளாறு, கினிகத்தேனை இறக்கத்தில் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு உங்கள் பிரேக் லைட் தெரியாமல் போகவும் காரணமாக இருக்கலாம்.

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று பாருங்கள். முன் சீட்டைத் தூக்கி, எக்ஸலேட்டர் கேபிள் போய் முடிகிற லீவரைத் தேடுங்கள். அதே லீவருக்கு இன்னொரு கேபிள் வந்து, அதன் மறுமுனை மெல்லிய ரப்பர் ஹோஸ் செருகிய வட்ட டப்பாவுக்குப் போனால் அது வேக்யூம் வகை. உள்ளே டயாப்ரம் என்கிற ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். ஹோஸ் இல்லாமல் வயர் மட்டும் போகிற பெட்டி என்றால் மின்மோட்டாரும் காந்தக் கிளட்ச்சும் கொண்ட வகை. எக்ஸலேட்டர் கேபிளே இல்லாமல் பெடலில் வயர் மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் என்ஜினின் கணினியான ஈசியூ பார்த்துக்கொள்கிறது. கணினியால் டீசலைத் தெளிக்கும் கொமன் ரெயில் என்ஜின் வந்த பிறகான வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது கேபிள் எங்கேயோ கட்டி விடப்பட்டிருந்தால், முன்னொரு காலத்தில் என்ஜின் மாற்றியபோது அதைத் திரும்பக் கொழுவாமல் விட்டிருக்கிறார்கள். விளக்கு எரியும், ஆனால் இழுக்க ஒன்றுமிருக்காது. மாற்று என்ஜின் போட்ட வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் மணிக்கு 40 கி.மீ.க்குக் கீழே செட் ஆகாது. டொயோட்டாக்களில், செட் செய்த வேகத்திலிருந்து 16 கி.மீ. அளவு குறைந்தாலும் தானாகவே விட்டுவிடும். 60இல் செட் செய்து கடுகண்ணாவை ஏற்றத்தில் 44க்கு இறங்கினால் அது விடுவது கோளாறு அல்ல. ஆகவே சமதரையிலும் பிடிக்கவில்லை என்று உறுதியானால்தான் தேடத் தொடங்க வேண்டும்.

இனி பிரேக் சுவிட்ச். டேஷ்போர்டின் கீழே தலையை விட்டு, டோர்ச் அடித்து பெடலின் தண்டு மேலே போகிற இடத்தைப் பாருங்கள். தண்டை அமுக்கிக்கொண்டு நிற்கும் சிறு முள் உள்ள சுவிட்ச் அதுதான். குரூஸ் உள்ள வண்டியில் அதில் வழக்கமாக நான்கு வயர் இருக்கும். இரண்டு பிரேக் லைட்டுக்கு. பெடலை மிதித்தால் இணையும். மற்ற இரண்டு குரூஸுக்கு. பெடல் சும்மா இருக்கும்போது இணைந்திருந்து, மிதித்ததும் பிரியும். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு ஜோடியையும் தனித்தனியாகப் பாருங்கள். குரூஸ் ஜோடி, பெடல் சும்மா இருக்கும்போது 1 ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். 20, 50 என்று காட்டினாலோ, பெடலை விரலால் மெல்லத் தட்டினால் எண் குதித்தாலோ உள்ளே தொடுமுனை கரிந்துவிட்டது. மலைப் பாதையில் ஓடும் வேனில் இந்தச் சுவிட்ச் நாளொன்றுக்கு எத்தனை தடவை வேலை செய்கிறது என்று யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதன் விலை ஒரு யூனிட்டின் விலைக்குக் கிட்டவும் வராது. பழையது வாங்காமல் புதிதாகவே வாங்கிப் போடுங்கள்.

சுவிட்சின் முள் தொடுகிற இடத்தையும் பாருங்கள். பல வண்டிகளில் பெடல் தண்டில் ஒரு துளை இருக்கும். அதில் பட்டாணி அளவு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். முள் அதன்மேல்தான் முட்டும். 15, 20 வருடத்தில் அது காய்ந்து பொடியாகிறது. பெடலுக்குக் கீழே கம்பளத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நொறுங்கின துகள் கிடந்தால் தேடியது கிடைத்துவிட்டது. துண்டு விழுந்ததும் முள் துளைக்குள் புகுந்துவிடும். பெடலை மிதித்த மாதிரியே சுவிட்ச் நிற்கும். பிரேக் லைட் இரவும் பகலும் எரியும், பற்றரி இறங்கும், குரூஸ் பிடிக்காது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது. அவசரத்துக்கு அந்தத் துளையில் தட்டைத் தலை போல்ட் ஒன்றைப் போட்டு, பின்பக்கம் பூட்டு நட்டால் இறுக்கி ஓடலாம். சாதாரண நட் அதிர்வில் கழன்று பெடலுக்கடியில் விழும், அதைப் போடவே வேண்டாம். துண்டை மாற்றிய பிறகு சுவிட்சின் பூட்டு நட்டைத் தளர்த்தி, பெடல் முழுதாக மேலே வந்த நிலையில் சுவிட்சின் உடலுக்கும் துண்டுக்கும் இடைவெளி 1 முதல் 2 மி.மீ. இருக்கும்படி வைத்து இறுக்குங்கள். சுவிட்சை மிகவும் உள்ளே தள்ளினால் அது பெடலைக் கீழே அமுக்கிப் பிடித்து, பிரேக் லேசாக உராய்ந்துகொண்டே இருக்கும். றம்பொடை இறக்கத்தில் அது டிரம்மைக் கொதிக்க வைத்துவிடும்.

கியர் வண்டி என்றால் கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் உண்டு. சோதனையும் அதேதான்.

இருட்டினதும் விட்டுவிடுகிறது என்று நீங்கள் சொன்னது முக்கியமான தடயம். பகலில் பிடித்து, பார்க் லைட் போட்டதும் விடுகிறது என்றால் பின் லைட்டுக்குப் போங்கள். பின்னால் இருப்பது 21/5 வாட் இரட்டை இழை பல்பு: 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்று. பல்பு பழையதாகி ஓர் இழை தொய்ந்து மற்றதில் தொட்டால், பார்க் லைட்டின் கரண்ட் பிரேக் வயருக்குள் பின்பக்கமாக ஏறும். யூனிட்டுக்கு அது பெடல் மிதித்த மாதிரியே தெரியும். இரட்டை இழைப் பிடியில் ஒற்றை இழை பல்பைத் திணித்திருந்தாலும் இதுவே நடக்கும். மூன்றாவது, எர்த் துருப்பிடித்திருப்பது. நுவரெலியாப் பக்கத்துப் பனியும் மழையும் பின் லைட் கண்ணாடிக்குள் புகுந்து, பிடியின் அடியில் பச்சை பூத்துவிடும். எர்த் இல்லாத கரண்ட் வேறு வழி தேடி 21 வாட் இழை வழியாகப் பிரேக் வயருக்குப் போகும். மறுபக்க பிரேக் பல்பு நன்றாக இருந்தால் அந்த வழியாக இறங்கிவிடும். அதுவும் எரிந்து போயிருந்தால் இறங்க வழியில்லாமல் யூனிட்டை ஏமாற்றும்.

உறுதிப்படுத்துவது லேசு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடியில் நல்ல எர்த்திலும் சிவப்பை பிரேக் சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரிலும் வையுங்கள். பெடலைத் தொடாமல் பார்க் லைட்டைப் போடுங்கள். எண் 0இல் நிற்க வேண்டும். 1 வோல்ட் வந்தாலும் விடாமல் தேடுங்கள். 12 வரை வந்தால் பல்புக்குள் இழைகள் தொட்டிருக்கலாம், அல்லது எர்த் அறவே இல்லாமல் இருக்கலாம். பல்பு இரண்டையும் மாற்றி, பிடியை உப்புத்தாளால் சுரண்டி, எர்த் வயரின் முனையை பாடியில் பெயின்ட் சுரண்டின இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

பிரேக் பல்புக்கு எல்இடி போட்டிருக்கிறீர்களா? பழைய யூனிட்டுகள் சிலவும், வெளியில் வாங்கிப் பொருத்தும் யூனிட்டுகள் பலவும், பெடல் சும்மா இருக்கும்போது பிரேக் வயர் பல்பின் இழை வழியாக எர்த்தைக் காண்கிறதா என்று பார்க்கும். கண்டால்தான் பிரேக் லைட் சுற்று முழுதாக இருக்கிறது என்று நம்பிப் பிடிக்கும். எல்இடியில் அந்தக் குறைந்த தடை இல்லை. ஒரு பக்கத்திலாவது சாதாரண 21/5 வாட் பல்பைப் போட்டு ஓடிப்பாருங்கள். பிடித்தால் காரணம் அதுதான்.

சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் விளக்கின் வயரும் குரூஸ் யூனிட்டுக்குப் போகிறது. அதே விளக்கோடுதான் பிரேக் ஒயில் மட்டத்தின் சுவிட்சும் சேர்ந்திருக்கும். பேட் தேய்ந்து ஒயில் மட்டம் இறங்கினால், வளைவில் ஒயில் ஒரு பக்கம் சாயும்போது விளக்கு ஒரு கணம் மின்னும், குரூஸ் விட்டுவிடும். அப்போது ஒயிலை ஊற்றி மட்டத்தை ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி பேட்டையும் ஷூவையும் பாருங்கள், ஒழுக்கு இருக்கிறதா என்று சக்கர சிலிண்டரைப் பாருங்கள்.

பிரேக் பக்கம் எல்லாம் சரி என்றால் அடுத்தது வேக சென்சர். மீட்டர் முள் நடுங்கிக்கொண்டே ஓடும் வண்டியில் குரூஸ் ஒழுங்காகப் பிடிக்காது. பிடித்தாலும் இழுத்து இழுத்து விடும். பழைய வேன்களில் கியர் பெட்டியிலிருந்து சுழலும் கேபிள் மீட்டருக்கு வந்து, மீட்டருக்குள்ளே இருக்கும் சிறு சுவிட்ச்தான் யூனிட்டுக்குத் துடிப்பு அனுப்பும். கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் பூசிப் போடுங்கள். மேல்வரை பூசினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறி அதையும் கெடுக்கும். கேபிள் இல்லாத வண்டியில் கியர் பெட்டியில் மூன்று வயர் சென்சர் இருக்கும்: ஒன்றில் 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சிக்னல் வயரில் வோல்ட் ஏறி இறங்கி வர வேண்டும். ஜப்பான் வண்டிகளில் வழக்கமான கணக்கு, சென்சரின் தண்டு கிலோமீட்டருக்கு 637 சுற்று, சுற்றுக்கு 4 துடிப்பு. ஏறி இறங்குவதில் ஒன்று விடுபட்டாலும் சென்சரைச் சந்தேகிக்கலாம். வண்டியைத் தூக்கி வைத்து என்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுச் சோதிக்கும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. அது ஆபத்தானது, அனுமதிக்காதீர்கள்.

வேக்யூம் வகைக்கு வருவோம். பெட்ரோல் என்ஜினில் வேக்யூம் இன்டேக்கிலிருந்து வருகிறது. ஏற்றத்தில் எக்ஸலேட்டர் முழுதாகத் திறந்தால் அங்கே வேக்யூம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். அதற்குத்தான் சேமிப்பு டப்பாவும், வந்த காற்றைத் திரும்ப விடாத வால்வும் வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் மட்டும் சோர்ந்துபோகும் பெட்ரோல் வேனில் அந்த வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள்; ஒரு பக்கம் போய் மறுபக்கம் அடைக்க வேண்டும். டீசலில் தனி வேக்யூம் பம்ப் உண்டு. டொயோட்டாவின் 2எல், 3எல் என்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். இதே பம்ப்தான் பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் வேக்யூம் கொடுக்கிறது. குரூஸின் மெல்லிய ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால் அது பூஸ்டரின் பங்கிலிருந்துதான் போகிறது. என்ஜின் சூட்டில் கருவாடாகக் காய்ந்த ஹோஸை வளைத்துப் பார்த்தால் மூட்டுக்குப் பக்கத்தில் நுண்ணிய கீறல் தெரியும். முனையை மட்டும் வெட்டித் திரும்பச் செருகாமல் முழுதாக மாற்றுங்கள். வேக்யூமுக்கென்றே உள்ள ஹோஸாக இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

டயாப்ரம் டப்பாவைச் சோதிக்க, கை வேக்யூம் பம்ப்பைச் செருகி 15 அங்குலம் (பாதரச அளவு) இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கக்கூடாது, கேபிள் இழுபட்டபடியே நிற்க வேண்டும். டப்பாவிலேயே வால்வுகள் சேர்ந்திருந்தால் காற்று விடும் வழிகளை மூடிக்கொண்டு சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல டப்பாவும் ஒழுகும்.

என்ஜினின் பம்ப்பை அளக்கும்போது மலைநாட்டில் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. கொழும்பில் 27 அங்குலம் காட்டுகிற நல்ல பம்ப், அதே கேஜில் ஹட்டனில் 23க்குக் கிட்டத்தான் காட்டும். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 21. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதே காரணம், பம்ப் தேயவில்லை. புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். 21க்கு மிகவும் கீழே 14, 15 என்று நின்றால்தான் பம்ப்பையோ ஒழுக்கையோ தேட வேண்டும். அதே நேரம் பூஸ்டரையும் பாருங்கள்: என்ஜினை நிறுத்திப் பெடலை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குரூஸை மறந்துவிட்டு, பூஸ்டருக்கு வேக்யூம் வரும் வரை வண்டியை இறக்கத்தில் விடாதீர்கள்.

மோட்டார் வகையில் சோதனை குறைவு. டொயோட்டாக்களில் காந்தக் கிளட்ச்சின் இரண்டு வயருக்கிடையே சுமார் 40 ஓம் வர வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எந்த வகையானாலும் கேபிளில் சில மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் ஐட்லிங் ஏறும். மிகவும் தொங்கினால் செட் செய்ததும் வேகம் விழுந்து பிறகு மெல்ல ஏறும்.

பொத்தான்கள் ஸ்டியரிங்கில் இருந்தால், ஹோர்னும் விட்டுவிட்டு அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து கெட்டால் ஸ்டியரிங்கின் கீழே சுருண்டிருக்கும் ரிப்பன் கேபிள்தான் காரணம். கொண்டை ஊசி வளைவுகளில் கடைசிவரை திருப்பித் திருப்பி அது மடிந்து அறும். பல டொயோட்டாக்களில் பொத்தான்கள் ஒரே வயரில் வெவ்வேறு தடையைக் காட்டும்: ரெஸ்யூமுக்குச் சுமார் 70 ஓம், செட்டுக்கு 200, கேன்சலுக்கு 420. ஈரம் பிடித்த பொத்தானில் இந்த எண்கள் நிலையில்லாமல் அலையும். எயார்பேக் உள்ள ஸ்டியரிங் என்றால் பற்றரியின் மைனஸைக் கழற்றி குறைந்தது 90 விநாடி பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர் இதைச் செய்ய வேண்டாம்.

1990களின் டொயோட்டாக்களில் யூனிட்டே காரணத்தைச் சொல்லும். என்ஜின் பக்கத்து டயக்னோஸ்டிக் பெட்டியில் டீசி, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் குரூஸ் விளக்கு மின்னும். இடைவிடாமல் ஒரே சீராக மின்னினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. மின்னுவதை எண்ணிக் கிடைக்கும் குறியீடு 11, 12 என்றால் மோட்டார் அல்லது காந்தக் கிளட்ச் சுற்று. 21 என்றால் வேக சிக்னல். 23 என்றால் வேகம் 16 கி.மீ. குறைந்தது, 32, 34 என்றால் பொத்தான். துளையை மாற்றிக் குத்தினால் வேறு சேதம் வரும், மூடியின் உட்புறத்தில் உள்ள படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கொமன் ரெயில் வண்டிக்கு ஸ்கேனர் போடுங்கள். பி0504, பி0571 இரண்டும் பிரேக் சுவிட்ச். பி0500 வேக சென்சர். செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பல வண்டிகளில் குரூஸ் பிடிக்கவே பிடிக்காது, அதை முதலில் தீர்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் பிடிக்கவில்லை என்றால்தான் யூனிட். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது உங்கள் பழைய யூனிட்டைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். ஸ்டிக்கரில் உள்ள பாகத்து எண் முழுதும் ஒத்துப்போக வேண்டும். பிளக் பொருந்துகிறது என்பது போதாது. கியர் வண்டிக்கும் ஓட்டோ வண்டிக்கும் யூனிட் வேறாக இருக்கலாம். திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

திருத்திய பிறகு சோதிப்பதற்கு மலைப் பாதை சரிவராது. ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாக இறங்கி கடுவலையில் அதிவேகப் பாதைக்கு ஏறியதும், மழை இல்லாமல், முன்னால் வாகனம் குறைவாக இருக்கும்போது 70இல் செட் செய்யுங்கள். காலை பிரேக்குக்கு மேலேயே வைத்திருங்கள். பெடலைத் தொட்டதும் உடனே விட வேண்டும். கிளட்ச்சுக்கும் கேன்சல் பொத்தானுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், பிறகு பார்க் லைட்டைப் போட்டு ஒரு தடவை; அப்போது மட்டும் விடக்கூடாது. நான்கிலும் ஒழுங்காக இருந்தால் 100 எல்லைக்குள் பயன்படுத்தலாம். ஈரப் பாதையிலும், திரும்பி வரும்போது கித்துல்கலைக்கு மேலேயும் அதை ஓஃப் செய்துவிடுங்கள். பழைய குரூஸுக்கு எக்ஸலேட்டரை மட்டும்தான் பிடிக்கத் தெரியும், பிரேக் போடத் தெரியாது. இறக்கத்தில் வண்டி தன் பாட்டுக்கு வேகமெடுக்கும்.

சோதனையில் விடாமல் இழுத்தால் பிரேக்கை உறுதியாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தட்டி, குரூஸின் மெயின் சுவிட்சை ஓஃப் செய்யுங்கள். அப்படியும் என்ஜின் அலறினால் ஓரத்துக்கு எடுத்து, சாவியை ஏசிசி வரைக்கும் மட்டும் திருப்புங்கள். லொக் வரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு குரூஸ் கேபிளை லீவரிலிருந்து கழற்றிக் கட்டி விட்டு, லீவர் ஸ்பிரிங்கின் பலத்தில் தானாக ஐட்லிங்குக்குத் திரும்புகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்த பின்தான் வண்டியை எடுக்க வேண்டும்.